கிருமி எந்த வாசல் வழியாக வருகிறது? தொற்றுநோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கிருமி" என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. காலராவும் காசநோயும் சளியும் படர்தாமரையும் ஒரே மாதிரி வருவதில்லை, ஒரே மாதிரி போவதும் இல்லை. ஒவ்வொரு கிருமிக்கும் உள்ளே வர ஒரு வாசல், தங்க ஓர் இடம், அடுத்த ஆளிடம் போக ஒரு வழி உண்டு. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் அதை எங்கே மறிக்கலாம் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் இதைப் பற்றியவைதான்.

நோய் வந்தால் டாக்டரிடம் போகிறோம், மருந்து தருகிறார். கிருமி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

காலராவின் கதையைச் சொல்கிறேன், இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. 1854இல் லண்டனில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது, கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று விசாரித்துக்கொண்டே போய், அந்தத் தெருவில் இருந்த அடிபம்பில் வந்து நின்றார். அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அதற்குள் நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மைதான், ஆனாலும் அவர் பிடித்த நூல் சரியான நூல். கிருமி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வாய் வழியாக உள்ளே போகிறது, மலத்தில் வெளியே வருகிறது, தண்ணீரில் கலந்து மறுபடியும் வாய்க்கு வருகிறது என்ற சுற்று மட்டும் புரிந்திருந்தது. குடிநீரையும் கழிவுநீரையும் பிரித்து வைக்க அந்த அறிவே போதும்.

1883-84இல் ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் தேடி, காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவை அடையாளம் காட்டினார். சரி, குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆனால் ஆள் எப்படிச் சாகிறான்? அதற்குத் தெளிவான பதில் வர 1959 ஆனது. கல்கத்தாவில் எஸ்.என்.டே, பாக்டீரியாவே இல்லாமல் அது வெளியிட்ட நச்சை மட்டும் முயலின் குடலுக்குள் விட்டுப் பார்த்தார். குடலில் நீர் கோத்துக்கொண்டது. அதாவது காலரா பாக்டீரியா குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. அதன் நச்சு, குடல் செல்களில் ஒரு மடையைத் திறந்துவிடுகிறது, உடம்பில் இருக்கும் உப்பும் தண்ணீரும் அதன் வழியே கொட்டித் தீர்கின்றன. நோய் முற்றியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூடப் போய்விடும்.

இங்கேதான் அழகான விஷயம் வருகிறது. குடல் செல்களில் சர்க்கரையோடு சேர்த்து உப்பை உள்ளே இழுக்கும் இன்னொரு வாசல் இருக்கிறது, காலரா நச்சு அதைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது, உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் நிற்காது, உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால் குடல் அதை உறிஞ்சும், தண்ணீர் பின்னாலேயே போகும். 1971இல் வங்காளதேச அகதிகளுக்கான பங்காவ் முகாமில் ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று பொட்டலத்தில் கிடைப்பது இதுதான். கிருமியைக் கொல்லாமலேயே அவ்வளவு பேர் பிழைத்தார்கள், கிருமி என்ன செய்கிறது என்று தெரிந்ததால்.

பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி: எல்லாம் ஒன்றுதானே? பெயர் தெரிந்து என்ன பயன்?

எந்த மருந்து வேலை செய்யும் என்பதை முடிவு செய்வதே இந்த வித்தியாசம்தான். பாக்டீரியா தனக்கென ஒரு சுவர் கட்டிக்கொண்டு தனியாக வாழும் ஓர் உயிர். நம் செல்களுக்கு அப்படிச் சுவர் கிடையாது. பென்சிலின் அந்தச் சுவர் கட்டும் வேலையைத் தடுக்கிறது, அதனால் பாக்டீரியா வெடித்துச் சாகிறது, நமக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை (ஒவ்வாமை இருப்பவர்கள் கதை வேறு). நிமோனியாவை உண்டாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்குச் சுவரே இல்லை. அதற்குப் பென்சிலினைக் கிலோ கணக்கில் கொடுத்தாலும் உபயோகமில்லை.

வைரஸுக்குச் சொந்தமாகப் பெரும்பாலும் எதுவும் கிடையாது, நம் செல்லுக்குள் புகுந்து நம் இயந்திரத்தை வைத்தே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்கிறது. அதனால் அதை மட்டும் தனியாகக் குறிபார்த்து அடிப்பது கஷ்டம். பூஞ்சையில் வேறொரு சிக்கல். பரிணாம வரிசையில் அது செடிகளைவிட நமக்கு நெருங்கிய சொந்தம், அதன் செல் நம் செல்லைப் போலவே இருக்கிறது. பூஞ்சைக்கான மருந்து வகைகள் குறைவாகவும், பல மாத்திரைகள் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டியவையாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மலேரியா போன்ற ஒட்டுண்ணிகள் கொசுவில் ஒரு வேஷம், நம் கல்லீரலில் ஒரு வேஷம், ரத்தத்தில் ஒரு வேஷம் என்று மாறிக்கொண்டே இருக்கும். விவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிக் கிடக்கும். ரத்தத்தில் இருப்பதை மட்டும் கொன்றுவிட்டு நிறுத்தினால் காய்ச்சல் திரும்பி வருவது அதனால்தான். தூங்குவதைக் கொல்லத் தனி மருந்து உண்டு, அதைத் தருவதற்கு முன் ஜி6பிடி என்ற நொதி உடம்பில் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

சளி மூன்று நாளாகப் போகவில்லை, இப்போது பச்சையாகவும் வருகிறது. ஆன்டிபயாட்டிக் வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது. பச்சை நிறம் பாக்டீரியாவின் நிறம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. சண்டைக்கு வந்த நம் வெள்ளை அணுக்களுக்குள் இரும்பு கலந்த ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. வெள்ளை அணுக்கள் குவிந்து செத்தால் சளி பச்சையாகும், எதிரி வைரஸாக இருந்தாலும் சரி, பாக்டீரியாவாக இருந்தாலும் சரி. நிறத்தை விட்டுவிட்டு நாட்களைப் பாருங்கள். பத்து நாளுக்கு மேல் கொஞ்சமும் குறையாமல் இருப்பது, குறைந்து வந்து மறுபடி காய்ச்சலோடு ஏறுவது, மூச்சு வாங்குவது, முகத்தில் ஒரு பக்கம் கடுமையாக வலிப்பது: இவைதான் டாக்டரிடம் போக வேண்டிய காரணங்கள்.

அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் உடம்பு பழகிவிடும் என்கிறார்களே?

உடம்பு பழகுவதில்லை. பழகுவது பாக்டீரியா. இது வெறும் வார்த்தை வித்தியாசம் இல்லை. உடம்புதான் பழகுகிறது என்றால் ஆன்டிபயாட்டிக்கைத் தொடாத ஒருவருக்குப் பிரச்சினை வராது என்று ஆகும். பழகிய பாக்டீரியாவோ யாரிடமிருந்து வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம், ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவருக்கும்.

நடப்பது இதுதான். ஈ.கோலை போன்ற பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கோடிக்கணக்கில் பெருகும்போது பிரதி எடுப்பதில் பிழைகள் வரும், அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க உதவிவிடும். மருந்து மற்றவற்றை எல்லாம் கொன்றுவிட, தப்பித்தது காலியான வீட்டில் தனிக்காட்டு ராஜாவாகப் பெருகும். போதாக்குறைக்கு, இந்தத் தப்பிக்கும் வித்தையை பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் வைத்து, பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிட முடியும். பரீட்சை ஹாலில் துண்டுச்சீட்டு கைமாறுவது மாதிரி. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் உரையிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். 2019இல் மட்டும் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் கொடுத்த மாத்திரையை முழுதாகச் சாப்பிட வேண்டுமா, சரியானதும் நிறுத்தலாமா?

நோயைப் பொறுத்தது. காசநோயில் பேச்சுக்கே இடமில்லை, முழுதாக முடிக்க வேண்டும். அந்த பாக்டீரியா இரண்டாக ஒரு நாளை ஒட்டிய நேரம் எடுத்துக்கொள்கிறது, சில செயலே இல்லாமல் சும்மா கிடக்கும், பெருகும்போது அடிக்கும் மருந்து அவற்றை ஒன்றும் செய்யாது. இருமல் இரண்டு மாதத்தில் நின்றுவிடலாம், உள்ளே படுத்திருப்பவை நிற்காது. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் என்று வைத்திருப்பதும் நான்கு மருந்துகளில் ஆரம்பிப்பதும் அதனால்தான். இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிய 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேர்தான் இறந்தார்கள், வாங்காத 52 பேரில் 14 பேர். பெரிய வெற்றி போலத் தெரிந்தது, ஆனால் ஒரே மருந்து என்பதால் பாக்டீரியா தப்பிக்கப் பழகிக்கொண்டது, சில வருடங்களில் இரண்டு குழுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பெருமளவு கரைந்துபோனது. ஒரு மருந்திலிருந்து தப்பிக்கும் பிழை லட்சங்களில் ஒன்றுக்கு வரலாம், ஒரே நேரத்தில் மூன்று நான்கு மருந்திலிருந்தும் தப்பிக்கும் பிழை ஒரே பாக்டீரியாவுக்கு வாய்ப்பது நடக்காத காரியம். கூட்டு மருந்தின் கணக்கு அவ்வளவுதான்.

வேறு சில தொற்றுகளில் இப்போது நாட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். சாதாரணச் சிறுநீர்த் தொற்று, சில நிமோனியாக்கள் ஆகியவற்றுக்குப் பழைய பத்து நாள் வழக்கத்தைவிடக் குறைவான நாட்களே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களுக்குத் தப்பிக்கும் பயிற்சிதான். அதனால் எத்தனை நாள் என்பதை டாக்டரிடமே கேளுங்கள், நடுவில் நிறுத்துவதாக இருந்தாலும் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மீதியான மாத்திரையை டப்பாவில் போட்டு வைத்து அடுத்த முறை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் மட்டும் எந்த நோயிலும் சரியில்லை.

கல்ச்சர் டெஸ்ட் முடிவு வர ஏன் இத்தனை நாள்?

பாக்டீரியா வளர வேண்டும், அதற்கு அவசரமில்லை! சிறுநீரையோ ரத்தத்தையோ சீழையோ எடுத்து அதற்குப் பிடித்த உணவில் வைத்தால், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூட்டமாக வளர ஒரு நாளாவது ஆகும். பிறகு எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க இன்னொரு நாள். இந்த இரண்டாவது பகுதிதான் சென்சிட்டிவிட்டி. தட்டு முழுக்க வளரும் பாக்டீரியா நடுவே மருந்தில் நனைத்த சின்ன வட்டங்களை வைப்பார்கள், எந்த வட்டத்தைச் சுற்றித் தெளிவான வெற்றிடம் விழுகிறதோ அந்த மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். காசநோய் பாக்டீரியாவின் வேகம் முன்பே சொன்னதுதான், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பி.சி.ஆர். முறையில் அதன் டி.என்.ஏ.வையே தேடினால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முடிந்தவரை ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கும் முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே கடையில் வாங்கி இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருந்தால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம், கிருமி உள்ளே இருந்தும் "வளர்ச்சி இல்லை" என்று முடிவு வரும், அப்புறம் டாக்டர் இருட்டில்தான் மருந்து தேட வேண்டும்.

வைரஸுக்கு மருந்தே கிடையாதா?

ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்று கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸை 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டே உடம்பிலிருந்து துடைத்துவிட முடியும், 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். 1989இல்தான் அந்த வைரஸையே அடையாளம் கண்டார்கள், கால் நூற்றாண்டுக்குள் குணப்படுத்தும் மாத்திரை வந்துவிட்டது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கப் பயன்படுத்தும் புரதங்களின் வடிவத்தைப் பார்த்து, அதில் போய் மாட்டிக்கொள்ளும் மூலக்கூறை வடிவமைத்ததால் வந்த பலன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அசைக்ளோவிர். அக்கி, ஹெர்பிஸ் போன்றவற்றுக்குத் தருவது. மாத்திரையாக உள்ளே போகும்போது அது செயலற்ற ஒரு பொருள், ஹெர்பிஸ் வைரஸ் வைத்திருக்கும் ஒரு நொதிதான் அதைச் செயல்பட வைக்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் மருந்து கிட்டத்தட்ட சும்மா இருக்கும், வைரஸ் புகுந்த செல்லில் வைரஸே தன் கையால் விஷத்தைக் கலக்கிக்கொள்ளும்.

எச்.ஐ.வி.யில் முழுக் குணம் இன்னும் எல்லோருக்குமான சிகிச்சையாக வரவில்லை, ஏனென்றால் அது தன் மரபுக் குறிப்பை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறது. ஆனால் காசநோயில் சொன்ன அதே கூட்டு மருந்துக் கணக்கு 1996 முதல் இங்கேயும் வந்தது, சாவுத் தீர்ப்பாக இருந்த நோய் மாத்திரையோடு வாழும் நோயாக மாறியது. ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவுவதில்லை.

தட்டம்மைக்கு சின்ன வயதில் போட்டதே ஆயுசுக்கும் போதும், ஃப்ளூவுக்கு மட்டும் ஏன் வருடாவருடம்?

தட்டம்மை வைரஸின் முகம் மாறுவதில்லை. 1960களில் வந்த தடுப்பூசி வகையே இன்றும் அதை அடையாளம் காட்டிக்கொடுக்கிறது. ஃப்ளூ வைரஸ் வருடத்துக்கு வருடம் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகும், எப்போதாவது பறவை, பன்றி வைரஸ்களோடு மரபணுவைப் பரிமாறி முற்றிலும் புது முகத்தோடு வரும். பழைய போட்டோவை வைத்துக்கொண்டு ஆளைத் தேட முடியாது, அதனால்தான் ஊசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

டெட்டனஸ் இன்னும் விசித்திரமானது. அதன் வித்துகள் (பாக்டீரியா உறங்கிக் கிடக்கும் வடிவம்) மண்ணில் இருக்கின்றன, மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவாது. பக்கத்து வீட்டில் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த நச்சு, எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாத மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொன்றுவிடும், ஆகவே நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பாற்றல் வருவதில்லை. அவரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியம்மையை ஒழித்துவிட்டோம். மற்றதை எல்லாம் ஏன் முடியவில்லை?

பெரியம்மை ஒழிக்க வசதியான நோயாக இருந்தது, அதுதான் காரணம். மனிதரைத் தவிர வேறு எந்த உயிரிலும் அது தங்கவில்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை. வந்தால் முகத்திலேயே தெரியும், நோயாளியைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒருவருக்கு வந்ததும் அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு எல்லாம் ஊசி போட்டு வேலி கட்டினார்கள். இயற்கையாக வந்த கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் இருந்தார், 1980இல் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போலியோவிலும் விலங்குப் புகலிடம் இல்லை, ஆனால் தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழும், மீதிப் பேர் தெரியாமலேயே மலத்தில் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு நோயாளி தெரிந்தால் பின்னால் நூற்றுக்கணக்கில் தொற்று இருக்கிறது என்று பொருள், அங்கே வேலி கட்டுவது எங்கே? ஃப்ளூ பறவைகளில் இருக்கிறது, டெட்டனஸ் மண்ணில். அவற்றை ஒழிப்பது பற்றிப் பேச்சே இல்லை.

நோயே இல்லாத மாதிரி இருப்பவர் பரப்ப முடியுமா?

முடியும், எந்த நோய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மலன் என்ற பெண் ஆரோக்கியமாகத்தான் இருந்தார், அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு வந்துகொண்டே இருந்தது, 1907இல் அவரிடம் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். டைபாய்டு பாக்டீரியா சிலருடைய பித்தப்பையில் வருடக்கணக்கில் தங்கிவிடும் என்பதுதான் விஷயம். இரண்டு தடவையாக 26 வருடம் அவரைத் தனிமையில் வைத்தார்கள். அவரிடம் கிருமி இருந்தது உண்மைதான், நடத்திய விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

2003இல் வந்த சார்ஸையும் அதற்குப் பின் வந்த கொரோனாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் உறவுக்கார வைரஸ்கள். சார்ஸ் வந்தவர் நன்றாகப் படுத்த பிறகுதான் அதிகம் பரப்பினார். காய்ச்சல் வந்தவரைத் தனியாக வைத்தே அதை அடக்க முடிந்தது, சுமார் 8,000 பேரோடு நின்றது. கொரோனா அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். காய்ச்சல் பார்க்கும் கருவியை வாசலில் நீட்டிக்கொண்டு நின்றது பெரிதாக உதவாமல் போனதும் முகக்கவசம் தேவைப்பட்டதும் அதனால்தான்.

சானிடைசர் இருக்கிறதே, சோப்பு எதற்கு?

கொரோனா, ஃப்ளூ மாதிரி கொழுப்புறை போர்த்திய வைரஸ்களுக்கு இரண்டும் நன்றாக வேலை செய்யும், உறை கரைந்தால் வைரஸ் முடிந்தது. வாந்திபேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு அந்த உறை இல்லை, ஆல்கஹால் அதை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. பாக்டீரியா வித்துகளையும் ஆல்கஹால் கொல்லாது. அவற்றை சோப்பு போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போக வைப்பதுதான் வழி. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் சோப்பு, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துவிட்டு இறங்கினால் சானிடைசர், என் கணக்கு இது.

கை கழுவுவதன் மதிப்பு கிருமிகள் பற்றித் தெரிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பது இன்னொரு வேடிக்கை. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணங்களை அறுத்துப் பார்த்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்கப் போகும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு அடுத்த சில மாதங்களில் 2 சதவீதத்தை ஒட்டி வந்தது. ஏன் என்று மற்றவர்கள் ஏற்கும்படி அவரால் விளக்க முடியவில்லை, அதனால் பலர் நம்பவும் இல்லை.

சாப்பாட்டை நன்றாகச் சூடாக்கிவிட்டால் போதுமா?

பாக்டீரியா சாகும். அது ஏற்கெனவே கக்கி வைத்த நச்சு சாகுமா என்பதுதான் கேள்வி. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நச்சும், சமைத்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸின் வாந்தி நச்சும் கொதிக்கவைத்தாலும் போகாது. சீரியஸின் வித்துகள் சமைக்கும்போதே பிழைத்துக்கொண்டு, சோறு வெளியில் மணிக்கணக்கில் கிடக்கும்போது முளைத்து நச்சைத் தயாரிக்கும். ஆக, சூடாக்குவதைவிடச் சீக்கிரம் குளிர வைப்பது முக்கியம். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். இதோடு சேர்த்து ஒன்று: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம். அதில் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம், பச்சிளங்குடலில் அவை முளைத்துவிடும்.

நாய் சும்மா பல் பதித்தது, ரத்தம்கூட அதிகம் வரவில்லை. ஒரு வாரம் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். ரேபிஸ் வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஊர்கிறது, வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் வரை ஆகும். அந்த இடைவெளியில் ஊசி போட்டால் எதிர்ப்பாற்றல் முந்திக்கொள்ளும். கடித்த பிறகு போட்டாலும் வேலை செய்யும் அபூர்வத் தடுப்பூசிகளில் இது ஒன்று, வைரஸின் மெத்தனம்தான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மூளைக்குப் போய் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். கடித்த உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவுங்கள், கையில் கிடைத்ததை எல்லாம் காயத்தில் அப்பாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காயத்தைப் பொறுத்து ஊசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருளையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். கீறலும், புண்ணில் நக்கியதும் இதில் சேரும்.

டெங்கு காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பயமில்லைதானே?

டெங்குவில் பயப்பட வேண்டிய நேரமே அப்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் சமயத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தூங்கி வழிதல் இருந்தால் உடனே போக வேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் வேண்டாம். டெங்குவில் நான்கு வகைகள் உண்டு, ஒரு வகைக்கு உருவான எதிர்ப்பொருள் இரண்டாவது வகை வரும்போது வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவிவிடக்கூடும். முதல் தடவை லேசாக வந்து போனது என்று இரண்டாம் தடவை அலட்சியமாக இருக்கக் கூடாது.

அல்சர், புற்றுநோய் எல்லாம்கூடக் கிருமியால் வருமா?

சில வரும். அல்சர் மன அழுத்தத்தாலும் காரத்தாலும் வருவது என்று பல வருடம் நம்பினார்கள், வயிற்று அமிலத்தில் பாக்டீரியா வாழாது என்பது பாடம். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இரைப்பையில் பார்த்த ஒரு பாக்டீரியாவை வளர்க்கத் திணறிக்கொண்டிருந்தபோது, ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே கிடந்துவிட்டன, திரும்பி வந்து பார்த்தால் ஹெலிகோபாக்டர் வளர்ந்திருந்தது. 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் நோபல். அந்த பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா செய்து தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. இன்று மூச்சை ஊதியே கண்டுபிடிக்கும் பரிசோதனை அந்தத் தந்திரத்தை வைத்துத்தான் இயங்குகிறது. வாழ்நாள் முழுக்க அமிலம் குறைக்கும் மாத்திரை என்றிருந்தது இரண்டு வாரச் சிகிச்சையாக மாறியது.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் எச்.பி.வி. வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது, அதற்கு 2006 முதல் தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி ஊசியும் கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிதான், யாரும் அப்படிச் சொல்லிப் போடுவதில்லை.

படர்தாமரைக்குக் கடையில் ஒரு க்ரீம் வாங்கினேன், நாலே நாளில் அரிப்பு போய்விட்டது, இப்போது தொடை முழுக்கப் பரவியிருக்கிறது. ஏன்?

க்ரீமில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். அரிப்பும் சிவப்பும் நம் உடம்பு பூஞ்சையோடு போடும் சண்டையின் சத்தம். ஸ்டீராய்டு சண்டையை நிறுத்தச் சொல்லிவிடும், சத்தம் அடங்கும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும், வட்ட வடிவம்கூடக் கலைந்து டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தோல் டாக்டரிடம் அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இதை எல்லாம் படித்தபின் நானே மருந்தை முடிவு செய்துகொள்ளலாமா?

வேண்டாம். ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லலாம், அதுவே பாதி வைத்தியம். என்றைக்கு ஆரம்பித்தது, காய்ச்சல் எந்த நேரத்தில் ஏறுகிறது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது, சமீபத்தில் எங்கே போய் வந்தீர்கள், எந்த விலங்கு கடித்தது, என்ன மாத்திரை ஏற்கெனவே போட்டீர்கள் (திட்டுவார் என்று மறைக்காதீர்கள்), எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த ஊசி போட்டிருக்கிறது. காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, சிறுநீர் வெகுவாகக் குறைதல், தோல் திட்டுத்திட்டாக நீலம் பாரித்தல் இருந்தால் இந்தப் பட்டியலும் வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அது தொற்று ரத்தம் வழியாக உடம்பு முழுவதையும் ஆட்டத் தொடங்கிய செப்சிஸாக இருக்கலாம், அதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.